நூலகத்தில் ஒரு சிறுபறை

கைக்குழந்தையோடு ஒரு பெண் பொது நூலகத்துக்குள் போவதை நம் மாவட்டத்தில் எத்தனை பேர் பார்த்திருப்போம்? காலையில் நாளிதழ் படிக்கப் பெரியவர்கள் வருகிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்க இளைஞர்கள் வருகிறார்கள். வயல் வேலைக்குப் போன மகளின் பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் ஆச்சி வருவதில்லை. பீடி சுற்றிக்கொண்டே காலால் தொட்டிலை ஆட்டும் தாய் வருவதில்லை. பிள்ளை அழுதால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்ற கூச்சம் எந்தத் தாய்க்கும் உண்டு. தலித் தாய்க்கு அதற்கும் முந்தைய தயக்கம் ஒன்று இருக்கிறது: அந்தக் கட்டடம் நமக்கும் உரியதுதானா?

உரியதுதான். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அந்தச் சட்டத்தின் வழியாகச் சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. ரூபாய்க்கு 10 காசு. காலனி வீட்டுக்கும் அதே கணக்குதான். அரசுப் பணத்தில் நடக்கும் பொது இடங்களில் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு சொல்கிறது. சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. உள்ளே போவதற்கு ஒரு காரணத்தை நாம் உண்டாக்க வேண்டும்.

அச்சன்புதூர் போன்ற பேரூர்களில், வாரம் ஒரு மணி நேரம், கைக்குழந்தைகளும் அவர்களை வளர்ப்பவர்களும் நூலகத்தில் சேர்ந்து ஆடட்டும் என்கிறோம். நூலகத்தில் ஆட்டமா என்று சிலர் சிரிப்பார்கள். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1992இல் 'புக்ஸ்டார்ட்' திட்டம் கைக்குழந்தைகளுக்குப் புத்தகம் கொடுக்கத் தொடங்கியபோதும் இதே கேள்விதான் எழுந்திருக்கும். பிறந்தது முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நூலகம் என்ன செய்ய வேண்டும் என்று பன்னாட்டு நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு 2007இல் தனி வழிகாட்டியே வெளியிட்டது. பாட்டும் தாளமும் அதில் இடம்பெற்றிருக்கின்றன. சொல் முதலில் காதுக்கும் உடம்புக்கும்தான் போகிறது. கண்ணுக்குப் பிறகுதான் வருகிறது.

இதைத் தெரிந்துகொள்ள நமக்கு வெளிநாட்டு வழிகாட்டிகூடத் தேவையில்லை. பிள்ளைத்தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றி, தலையை நிமிர்த்திப் பிள்ளை ஆடும் ஐந்தாம் மாதம் செங்கீரைப் பருவம். கை கொட்டும் ஒன்பதாம் மாதம் சப்பாணி. பிறகு முத்தம், வருகை, அம்புலி. ஆண்பால் பிள்ளைத்தமிழில் கடைசி மூன்று பருவங்களில் ஒன்று சிறுபறை. பிள்ளை சின்னப் பறையை முழக்கும் பருவம் அது.

ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனைப் பிள்ளையாக்கிப் பாடினார். இலக்கியம் கடவுளின் கையிலும் அரசனின் கையிலும் பறையைக் கொடுத்து மகிழ்ந்தது. அந்தப் பறைக்குத் தோல் கட்டியவரின் பிள்ளையை ஊர் எங்கே நிறுத்தியது? பறையைச் சாவு வீட்டு வாசலோடு கட்டிப் போட்டது யார்? திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் அந்தக் கட்டை அறுத்துப் பறையைக் கையில் எடுத்தார்கள். 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மேடைக்கு வந்துவிட்ட பறை, பிள்ளைகளின் பாய்க்கும் வரட்டும். பச்சைப் பிள்ளையின் காதுக்கு அடி பலமாக விழக் கூடாது. விரலால் தட்டினால் போதும்.

அங்கன்வாடி இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே முன்பருவக் கல்வி இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்குத்தான். கைக்குழந்தைக்குச் சத்துமாவு வீட்டுக்கு வருகிறது. அதை வளர்ப்பவளுக்கு உட்கார்ந்து நாலு பேரோடு பேச ஓர் இடம் எங்கும் இல்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. 2022 செப்டம்பரில் நம் மாவட்டத்துப் பாஞ்சாகுளத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் தர முடியாது, ஊர்க் கட்டுப்பாடு என்று ஒரு கடைக்காரர் சொன்ன காணொலியை நாடே பார்த்தது. கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளின் முகத்தில் விழுந்த கேள்விக்கு எந்தச் சீலும் பதில் இல்லை. தீண்டாமையைப் பிள்ளைகள் பள்ளிக்கூட வயதுக்குள்ளேயே கற்றுவிடுகிறார்கள். அதற்கு முன்பே, நடை பழகும் வயதிலேயே, எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் தவழ்ந்திருக்க வேண்டும். ஒரு பிள்ளை விழுந்தால் அடுத்த தெருக்காரி ஓடி வந்து தூக்கியிருக்க வேண்டும். சமத்துவம் பற்றிய பத்துக் கூட்டங்கள் செய்யாததை அந்த ஒரு தூக்கல் செய்யும்.

பெயருக்கு நடத்தினால் இது நிற்காது. கடைத்தெரு நூலகத்தில் மட்டும் வைத்தால் காலனிப் பெண்கள் தயங்குவார்கள். காலனியில் மட்டும் வைத்தால் மற்றவர்கள் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஒரு வாரம் நூலகம், மறுவாரம் புத்தகங்களோடு காலனியின் சமுதாய நலக்கூடம் என்று மாறி மாறி நடக்கட்டும். பள்ளி நேரத்தில் வைக்கக் கூடாது. தம்பியைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை விட்டு நிற்கும் அக்காக்களை அது மேலும் கட்டிப் போடும். மாலையில் வைத்தால் தகப்பன்மாரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரலாம். பால் கொடுக்க ஒரு மறைப்பு, தண்ணீர், கழிப்பறை, கழுவிய பாய்கள் வேண்டும். தாலாட்டும் கும்மியும் தெரிந்த ஆச்சிமாரே ஆட்டத்தை நடத்தட்டும். அவர்களுக்கும் பறை தட்டுபவருக்கும் மதிப்பூதியம் கொடுக்க வேண்டும். எங்கள் கலையைச் சேவை என்ற பெயரில் சும்மா வாங்கிக்கொண்ட காலம் போதும். முடிவில் ஆளுக்கொரு படப் புத்தகமும், வளர்ப்பவர் பெயரில் நூலக உறுப்பினர் அட்டையும் கையில் கிடைக்க வேண்டும்.

இதற்குப் புதுச் சட்டமோ புதுக் கட்டடமோ தேவையில்லை. மாவட்ட நூலக ஆணைக்குழு ஓர் உத்தரவு போடட்டும். பேரூராட்சி மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றட்டும். அச்சன்புதூரிலிருந்தே தொடங்கட்டும். வரி கட்டுகிற நாம், நம் பிள்ளைகளுக்காகக் கேட்பது வாரத்தில் ஒரு மணி நேரமும் நூலகத் தரையில் ஒரு பாயும்தான்.