ஓவன் வேண்டாம், முட்டை வாங்குங்கள்

இது நீளமான பதிவு. டீச்சர்மார் எழுதினால் அப்படித்தான். ஒரு தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள். கொஞ்சம் உறைப்பாகவும் இருக்கும்.

விஷயம் இதுதான். காலையில் சாப்பிடாமல் பாடசாலைக்கு வருகிற ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு, வாரத்தில் மூன்று நாள் ஓர் அவித்த முட்டை கொடுப்போம் என்று பழைய மாணவர்கள் சிலர் முன்வந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், நல்ல எண்ணம். பிறகு வட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. மஃபின் தட்டில் பன்னிரண்டு முட்டை, ஓவனில் 160 பாகை, 30 நிமிடம், எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் அவித்த முட்டை ரெடி. தண்ணீரும் வேண்டாம், சட்டியும் வேண்டாம். வீடியோவைப் பார்த்த அன்று இரவே பேச்சு மாறிவிட்டது. பாடசாலைக்கு ஓர் ஓவன் வாங்கிக் கொடுப்போம், 60,000 ரூபாய் போல வரும், யார் யார் எவ்வளவு என்று பட்டியலும் ஓடத் தொடங்கிவிட்டது. முட்டைக்கு யார் காசு கொடுப்பது என்ற பேச்சு அந்தப் பட்டியலுக்கு அடியில் எங்கேயோ போய்விட்டது.

நான் இதை எதிர்க்கிறேன். குரூப்பில் இரண்டு வரி எழுதினேன், "டீச்சர் பழைய காலத்து ஆள்" என்று ஒரு சிரிப்புப் படம் வந்தது. ஆகவே காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலாவது, கணக்கு. ஒரு முட்டை 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 60 பிள்ளைகள். ஒரு நாளைக்கு 2,400 ரூபாய். ஓவனுக்குச் சேர்க்கிற 60,000 ரூபாயில் 25 நாள் முட்டை கொடுக்கலாம். வாரம் மூன்று நாள் என்றால் எட்டு வாரத்துக்கு மேல் வரும், ஒரு தவணையின் பெரும்பகுதி. இந்த 1,500 முட்டையை விற்றுத்தான் அந்த ஓவனை வாங்கப் போகிறோம். இதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, நேரம். ஒரு தட்டில் பன்னிரண்டு, இரண்டு தட்டு வைத்தால் 24. அறுபது முட்டைக்கு மூன்று தடவை ஓவன் போட வேண்டும். சூடேற 10 நிமிடம், மூன்று தடவை 30 நிமிடம், ஆக 100 நிமிடம். பிறகு ஆற வைத்துத் தோல் உரிக்க வேண்டும். பாடசாலை தொடங்குவது 7.30க்கு. அப்படியானால் விடிய ஐந்து மணிக்கு யாராவது வந்து ஓவனைப் போட வேண்டும். வீடியோவை அனுப்பியவர் வருவாரா என்று கேட்டேன். இன்னும் பதில் இல்லை.

மூன்றாவது, விஞ்ஞானம். நான் படிப்பிக்கிற பாடம் என்பதால் இதில் மட்டும் கொஞ்சம் நிற்கிறேன்.

160 பாகை ஓவனுக்குள் ஒரு கணம் கையை நீட்டி ஒரு தட்டைத் தொடாமல் எடுத்துவிடலாம், கை வேகாது. 100 பாகை ஆவியில் அதே கையை நீட்டிப் பாருங்கள், கொப்புளம் வந்துவிடும். (சொல்லுக்குத்தான் சொல்கிறேன், பிள்ளைகள் செய்து பார்க்க வேண்டாம்.) சூடு குறைந்த ஆவி ஏன் சூடு கூடிய காற்றைவிடச் சுடுகிறது? காற்று வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். ஆவி அப்படியில்லை. குளிர்ந்த முட்டையின் மேல் பட்டதும் அது தண்ணீராக மாறுகிறது. அப்படி மாறும்போது ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 2,260 ஜூல் வெப்பத்தை முட்டைக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் ஆவியில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிகிற வேலைக்கு ஓவனில் அரை மணி நேரம் போகிறது.

வெள்ளைக்கரு 62 பாகை அளவில் இறுகத் தொடங்கும். மஞ்சட்கரு 70 பாகையை நெருங்கும்போது கெட்டியாகும். சல்மொனெல்லா கிருமிக்குப் பயந்தால் நடுப்பகுதி 71 பாகையைத் தொட்டால் போதும். இவ்வளவு குறைந்த சூடு போதுமான ஒரு பொருளுக்கு 160 பாகைப் பெட்டி எதற்கு? தண்ணீரிலும் ஆவியிலும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது: எவ்வளவு எரித்தாலும் 100 பாகைக்கு மேல் போகாது. ஓவனில் அந்தத் தடை கிடையாது. மூலைக்கு மூலை சூடு மாறும். ஒரு முட்டை நடுவில் இளகி இருக்கும், பக்கத்து முட்டை ரப்பர் மாதிரி இருக்கும். தட்டில் பட்ட இடத்தில் ஓட்டிலும் வெள்ளையிலும் பழுப்புப் புள்ளி விழும். கூடுதலாக வெந்தால் மஞ்சளைச் சுற்றிப் பச்சை வளையம் வரும். அது வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சட்கருவின் இரும்பும் சேர்வதால் வருவது. நஞ்சில்லை. ஆனால் ஏழு வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்லிச் சாப்பிட வைத்துப் பாருங்கள். மணத்துக்கே தள்ளி வைத்துவிடும்.

மின்சாரக் கணக்கும் பார்ப்போம். ஒரு லீட்டர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 100க்குக் கொண்டுவர ஏறத்தாழ 300 கிலோஜூல் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3,600 கிலோஜூல். அதாவது யூனிட்டில் 12இல் ஒரு பங்கு. வீட்டில் நான்கு முட்டை அவிக்க ஒரு கப் தண்ணீரும் ஒரு மூடியும் போதும். அதே நான்கு முட்டைக்கு 2 கிலோவாட் ஓவனை 40 நிமிடம் போட்டால், இடைக்கிடை தானாக நின்று எரிந்தாலும், ஒரு யூனிட்டை நெருங்கும். அடுப்பில் பாதிச் சூடு வெளியே போனாலும் அதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை.

இதை யாருக்குச் சொல்கிறேன்? 2022ஐக் கடந்து வந்தவர்களுக்கு. அந்த ஏப்ரலில் 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியது மறந்துவிட்டதா? காசு இருந்தாலும் சிலிண்டர் இல்லாமல் வெற்றுச் சிலிண்டரைச் சங்கிலி போட்டு வரிசையில் வைத்துவிட்டு வந்தோமே? அந்த ஓகஸ்டில் மின் கட்டணம் 75 வீதம் கூடியது. 2023 பெப்ரவரியில் அதன் மேல் இன்னும் 66 வீதம். 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். முட்டைக்கு வெள்ளை 43, சிவப்பு 45 என்று கட்டுப்பாட்டு விலை போட்டதும் கடைகளில் முட்டை காணாமல் போனது. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை கப்பலில் வந்தது, அதுவும் முதலில் பேக்கரிகளுக்குத்தான். அந்த நாட்களில் ஒரு முட்டையை உடைத்து, வெங்காயம் நிறையப் போட்டு, நான்கு பேருக்குப் பொரித்த உம்மாமார் இந்த ஊரில் எத்தனை பேர்! அவர்களுடைய பிள்ளைகள்தான் இப்போது என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் பெயரில் சேர்த்த காசு தட்டும் கண்ணாடிக் கதவும் வாங்கப் போகக் கூடாது.

இனி, நீங்கள் சொன்ன மறுப்புகள்.

"தண்ணீரில் அவித்தால் முட்டை வெடிக்கிறது, தோல் உரிபடாது." சரி. குளிர்ந்த தண்ணீரில் முட்டையைப் போட்டு மெதுவாகச் சூடாக்கினால் புது முட்டையின் தோல் ஒட்டிக்கொள்ளும். கொதிக்கிற தண்ணீரில் குதிக்க விட்டால் ஒன்றோடொன்று மோதி வெடிக்கும். இரண்டுக்கும் மருந்து ஆவி. இடியப்பம் அவிக்கிற பெரிய ஸ்டீமர் கொழும்பில் இல்லாத சாப்பாட்டுக் கடை உண்டா? வெள்ளவத்தையில் பிட்டுக்கு நீத்துப்பெட்டி வைக்கிற வீடுகள் எத்தனை? கீழே இரண்டு லீட்டர் தண்ணீர், அது கொதித்து ஆவி வந்த பிறகு மேல்தட்டுகளில் முட்டை, மூடி, 12 நிமிடம். பெரிய ஸ்டீமர் என்றால் இன்னும் இரண்டு மூன்று நிமிடம். எடுத்ததும் பச்சைத் தண்ணீர். அறுபதும் ஒரே தடவையில் முடியும். எந்த வீடியோவும் வேண்டாம், உங்கள் உம்மம்மாவிடம் கேளுங்கள்.

"பாடசாலையில் காஸ் ஆபத்து." இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். 2021 கடைசியில் காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகளை எவரும் மறக்கவில்லை. ஆகவே அடுப்பை வகுப்பறைக் கட்டடத்துக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வைப்போம். குழாயும் ரெகுலேட்டரும் புதிதாக வாங்குவோம். பிள்ளைகள் அந்தப் பக்கம் வரவே கூடாது. அதுவும் பயமென்றால், பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் காலை இடியப்பம் இறக்கியதும் அதே ஸ்டீமரில் அவித்துத் தரச் சொல்லிக் கேட்போம். நெருப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது.

"ஓவன் முட்டை உலகம் முழுக்கச் செய்கிறார்கள்." செய்கிறார்கள். ஆனால் வரலாற்றையும் பாருங்கள். ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு மத்தியதரைக் கடலோரம் எங்கும் குடியேறிய யூதர்களிடம் ஹமினாதோஸ் என்று ஒரு முட்டை உண்டு. ஓய்வுநாளில் நெருப்பு மூட்டக் கூடாது என்பதால், முந்தின மாலையே வெங்காயத் தோலோடு பானையில் வைத்துத் தணிந்த சூட்டில் இரவு முழுக்க விட்டுவிடுவார்கள். எகிப்தில் அதே மாதிரி முட்டையை அவரைப் பயறு 'ஃபூல்' உடன் முஸ்லிம்களும் சாப்பிடுகிறார்கள். அங்கே முட்டைக்கென்று தனியாக நெருப்பு மூட்டவில்லை, இருந்த சூட்டைப் பயன்படுத்தினார்கள். எங்கள் ஊரிலும் பெருநாளைக்கும் நத்தாருக்கும் கேக் கலவையைத் தட்டில் ஊற்றிப் பேக்கரிப் போறணைக்குக் கொடுத்தனுப்பியவர்கள்தானே நாங்கள்? உங்கள் வீட்டில் கேக் போட்டு ஓவன் சூடாக இருக்கிறதா, ஓரத்தில் நான்கு முட்டையையும் வையுங்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நான் எதிர்ப்பது ஓவனை அல்ல, முட்டைக்காக ஓவன் வாங்குவதை. எங்கள் மார்க்கத்தில் இதற்கு இஸ்ராஃப் என்று பெயர். நல்ல காரியத்தின் பெயரில் செய்தாலும் வீண்விரயம் வீண்விரயம்தான்.

"மனைப்பொருளியல் பாடத்துக்கும் உதவும்." அப்படியானால் அதற்கென்று தனியாகச் சேருங்கள். நானும் தருகிறேன். பசித்த பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சேர்க்காதீர்கள்.

இனி, எவரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம். ஓவனின் மேல் அன்பளிப்புச் செய்தவர்களின் பெயரை ஒட்டலாம். ரிப்பன் வெட்டலாம், படம் எடுத்துப் பதிவிடலாம். முட்டையில் பெயர் ஒட்ட முடியாது. பிள்ளை சாப்பிட்டால் ஓடு மட்டும்தான் மிஞ்சும், அதையும் கூட்டிப் போட்டுவிடுவோம். ஆனால் ஓவன் அலுவலக மூலையில் துணி மூடிக் கிடக்கும் நாளிலும், காலைக் கூட்டத்தில் வெயிலில் நின்று தலைசுற்றி உட்காருகிற பிள்ளை இருக்கும். "என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டால் "தேத்தண்ணி" என்று சொல்லும். தோட்டத்து வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகளிடம் இந்தப் பதிலை நான் வாரத்தில் பல தடவை கேட்கிறேன். வெறும் தேத்தண்ணியில் பின்னக் கணக்கு ஏறாது.

ஆகவே என் கோரிக்கை இவ்வளவுதான்.

ஓவன் பட்டியலை நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக முட்டைப் பட்டியல் போடுவோம். ஒரு தட்டு 30 முட்டை. ஒரு நாளைக்கு இரண்டு தட்டு, வாரத்துக்கு ஆறு. ஒரு குடும்பம் மாதத்துக்கு ஒரு தட்டு எடுத்தால் 24 குடும்பங்கள் போதும். காசாகத் தர வேண்டாம், தட்டாகவே கொண்டுவந்து தாருங்கள். யாருக்கும் கணக்கில் சந்தேகம் வராது.

ஸ்டீமரை யாராவது இரவல் தாருங்கள். காலையில் இரண்டு பேர் முறை வைத்து வாருங்கள். ராத்தாமார் மட்டும் அல்ல, நாநாமாரும்.

முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளின் பெயரைப் பெற்றோர் முன்கூட்டியே சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மரக்கறி சாப்பிடுகிற வீடுகள் எங்கள் பாடசாலையில் இருக்கின்றன, அந்த நாளில் முட்டை வேண்டாம். மரக்கறி மட்டும் சாப்பிடுகிற பிள்ளைகளுக்கு மற்ற நாட்களிலும் அவித்த கடலை கொடுப்போம். அவித்த முட்டையை இந்த வெக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. காலையில் அவித்துக் காலையிலேயே கொடுத்து முடிப்போம்.

பிள்ளைகள் முட்டை சாப்பிடுகிற படம் ஒன்றுகூட எடுக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கோபித்துக்கொள்கிறவர்கள் கோபியுங்கள், ஆனால் கீழே வந்து கணக்கால் பதில் சொல்லுங்கள். சம்மதிக்கிறவர்கள் "ஒரு தட்டு" என்று மட்டும் எழுதுங்கள். முதலாவது தட்டு என்னுடையது.