உயர்வகை எதில் உயர்வு?

"எக்ஸா, எச்சா, ஏவியா?" என்று விற்பனையாளர் கேட்ட மறுகணமே நம்மவர் வாய் "ஏவி" என்கிறது. பெரோடுவா அத்திவாவைத்தான் சொல்கிறேன். 2021-இல் அது வெளிவந்தபோது எக்ஸின் விலை 61,500 வெள்ளி. ஏவியின் விலை 71,200 வெள்ளி. இடையிலுள்ள 9,700 வெள்ளிக்குக் கரடுமுரடான வழியில் கிடைக்கும் கூடுதல் வலிமை என்ன? ஒன்றுமில்லை! மூன்று வகைக்கும் ஒரே 1.0 லிட்டர் டர்போ இயந்திரம். மூன்றிலும் முன்சக்கரங்கள் மட்டுமே இழுக்கின்றன. பாதுகாப்பு என்பீர்களாயின், ஆறு காற்றுப்பைகளும் தானியங்கி அவசரத் தடையும் எக்ஸிலேயே உள்ளன. முன்செல்லும் வண்டிக்கேற்ப வேகத்தைச் சீராக்கும் வசதி ஏவிக்கு மட்டும் உண்டு. நெடுஞ்சாலையில் அது நன்றே. மழைநாளில் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் சக்கரம் வழுக்கினால் அது கைகொடுக்குமா?

இதே நிறுவனம் 1998-இல் தந்த கெம்பாராவில் நான்கு சக்கரங்களும் இழுத்தன. அத்திவாவின் உடன்பிறப்பான டைஹாட்சு ரொக்கிக்கு ஜப்பானில் நான்கு சக்கர இயக்கம் வழங்கப்பட்டது. இங்கே எவ்வளவு கொடுத்தாலும் அத்திவாவில் அது இல்லை. இதைக் கேட்காமல் ஒன்பதாண்டுத் தவணைக்குக் கையொப்பமிடுகிறோமே, ஐயா! தோட்டப்புறப் பள்ளிக்கு நாள்தோறும் செல்லும் ஆசிரியர்கள் எக்ஸையே வாங்குக. மிச்சப் பணத்தில் நல்ல டயர்களை மாட்டுக.