லைட் எரியுது, ஆனா ஆள் தெரியுதா? இரவில் பைக் ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

இரவு பத்தரை மணி. சென்னை ஓஎம்ஆரில் ஷிஃப்ட் முடித்துவிட்டு ஒருவர் பைக்கில் கிளம்புகிறார். கறுப்பு ஹெல்மெட், கறுப்பு ஜாக்கெட், முதுகில் கறுப்பு லேப்டாப் பை. பைக்கும் கறுப்புதான். ஹெட்லைட் எரிகிறது, வேகமும் 50-ஐத் தாண்டவில்லை. சட்டப்படி எல்லாமே சரி.

ஆனால், எதிரே யூ-டர்ன் எடுக்கக் காத்திருக்கும் கார் டிரைவருக்கு அவர் எப்படித் தெரிவார்? பஸ், லாரி, கடை போர்டு, தெருவிளக்கு என்று ஏகப்பட்ட வெளிச்சத்துக்கு நடுவே ஒரு சின்னப் புள்ளி. அவ்வளவுதான்.

"திடீர்னு வந்துட்டான் சார், நான் பார்க்கவே இல்ல." விபத்து நடந்த இடத்தில் டிரைவர்கள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை இது. தப்பிப்பதற்காகச் சொல்வதாகத்தான் நமக்குத் தோன்றும். பல நேரங்களில் அது உண்மை என்பதுதான் பிரச்னையே.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இதில் சுமார் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஒரு நாளில் அதிக விபத்துகள் நடப்பது மாலை 6 மணி முதல் இரவு 9 மணிக்குள். சுமார் ஐந்தில் ஒரு விபத்து இந்த மூன்று மணி நேரத்தில் நடக்கிறது. நெரிசல், அவசரம், வேகம் என இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால், இருட்டத் தொடங்கும் நேரமும் இதுதான் என்பதை மறந்துவிட முடியாது.

பார்த்தும் ஏன் தெரிவதில்லை?

காருக்கு முன்னால் இரண்டு விளக்குகள். கார் நெருங்க நெருங்க, அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி விரிந்துகொண்டே வரும். அதை வைத்துத்தான் கார் எவ்வளவு தூரத்தில், என்ன வேகத்தில் வருகிறது என்று மூளை கணக்குப் போடுகிறது. பைக்குக்கு ஒரே விளக்கு. இடைவெளியே இல்லாததால் அந்தக் கணக்கு தப்பிவிடுகிறது.

அளவில் சின்னதாக இருக்கும் பொருள் இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது என்று நம்புவதும் மனித மூளையின் பழக்கம். 'இன்னும் டைம் இருக்கு' என்று நினைத்து கார்க்காரர் திருப்புகிறார். அதற்குள் பைக் வந்துவிடுகிறது.

காரின் முன்கண்ணாடிக்கு இரு பக்கமும் இருக்கும் தூண் இன்னொரு வில்லன். ஒரு பைக் முழுவதையும் அது சில விநாடிகள் மறைத்துவிடும்.

ஹெட்லைட் போதாதா?

2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் தயாராகும் இருசக்கர வாகனங்களில், இன்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் தானாக எரிய வேண்டும். நல்ல விதிதான். ஆனால், ஹெட்லைட் முன்னால் இருப்பவருக்கு மட்டுமே தெரியும். பக்கவாட்டில் வருபவருக்கும் பின்னால் வருபவருக்கும் அதனால் பெரிய பயன் இல்லை.

பின்னால் வருபவருக்கு டெயில் லைட்தான் ஒரே அடையாளம். ஓட்டுபவரால் பார்க்க முடியாத விளக்கும் அதுதான். பல்பு ஃபியூஸ் ஆகி வாரக்கணக்கில் ஓட்டினாலும் அவருக்குத் தெரியாது. சில நேரம் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். பின்சீட்டில் இருப்பவரின் துப்பட்டாவோ, தொங்கும் பையோ, மழைக்காலச் சேறோ அதை மூடியிருக்கும்.

60 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கிறது. டிரைவர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கில் கால் வைக்கவே ஒன்றரை விநாடி ஆகலாம். அதற்குள் 25 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்த பிறகு நிற்க இன்னும் 20 மீட்டர். மொத்தம் 45 மீட்டர். 80 கி.மீ. வேகம் என்றால் 70 மீட்டரைத் தொடும். சாலை ஈரமாக இருந்தால் இன்னும் அதிகம். டிம் லைட்டில் கறுப்பு உடை அணிந்தவர் இவ்வளவு தூரத்திலேயே தெரிவது கஷ்டம். நல்ல ரிஃப்ளெக்டர் என்றால் நூறு மீட்டருக்கு அப்பாலேயே பளிச்சிடும்.

பளிச் கலர் டிஷர்ட் போட்டால் போதுமா?

இரவில் போதாது. கண்ணைப் பறிக்கும் ஃப்ளோரசன்ட் பச்சையும் ஆரஞ்சும் சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்களை வாங்கித்தான் அப்படி ஜொலிக்கின்றன. இருட்டில் அவை வெறும் வெளிர் நிறத் துணி. கறுப்புக்கு அது மேல், அவ்வளவே.

இரவில் வேலை செய்வது நம்மூரில் 'ரேடியம் ஸ்டிக்கர்' என்று சொல்லப்படும் ரிஃப்ளெக்டிவ் பட்டைதான். பெயரில் மட்டும்தான் ரேடியம். உள்ளே இருப்பது நுண்ணிய கண்ணாடி மணிகள் அல்லது பட்டக வடிவங்கள். ஒளி எந்தத் திசையிலிருந்து வந்ததோ, அதே திசைக்குத் திருப்பி அனுப்புவதுதான் இவற்றின் வேலை. கார் லைட்டின் ஒளி கார் டிரைவரின் கண்ணுக்கே திரும்பிப் போகிறது.

கடையில் விற்கும் பளபள ஸ்டிக்கர் எல்லாம் ரிஃப்ளெக்டிவ் கிடையாது. செக் பண்ண ஈஸியான வழி உங்கள் போனிலேயே இருக்கிறது. இருட்டான இடத்தில் பைக்கையும் ஹெல்மெட்டையும் வைத்துவிட்டு, பத்தடி தள்ளி நின்று ஃபிளாஷ் போட்டு ஒரு போட்டோ எடுங்கள். உண்மையான ரிஃப்ளெக்டர் படத்தில் வெள்ளை வெளேர் என்று எரியும். எரியாதது வெறும் அலங்காரம்.

எங்கே ஒட்டலாம்?

அசைகிற இடங்களில். உடல் மூட்டுகளில் மட்டும் ஒளிப் புள்ளிகள் இருந்தாலும், அவை அசையும் விதத்தை வைத்தே 'இது மனிதன்' என்று மூளை உடனே கண்டுபிடித்துவிடும் என்பதை ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் யோஹான்சன் 1973-ல் காட்டினார். பைக்கில் உட்கார்ந்திருப்பவரின் கால் நடப்பவரைப் போல அசையாதுதான். ஆனால் சிக்னலில் கால் ஊன்றும்போது, பஞ்சராகி வண்டியைத் தள்ளும்போது கணுக்காலிலும் கையிலும் இருக்கும் பட்டை உதவும். ஹெல்மெட்டில் ஒட்டினால் இன்னொரு லாபம். காருக்குப் பின்னால் நிற்கும்போதும் அது உயரத்தில் தெரியும்.

பலன் உண்டா? நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த ஆய்வு 2004-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. ரிஃப்ளெக்டிவ் அல்லது ஃப்ளோரசன்ட் உடை அணிந்தவர்களுக்கு விபத்தில் காயமடையும் அபாயம் 37 சதவீதம் குறைவாக இருந்தது. கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட் அணிந்தவர்களுக்கு 24 சதவீதம் குறைவு. நம்மூர் டிராஃபிக்கில் இதே எண் வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

இன்றே செய்யக்கூடியவை

* கிளம்பும் முன் வண்டியை ஒரு சுவருக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள். டெயில் லைட், பிரேக் லைட்டின் சிவப்பு வெளிச்சம் சுவரில் விழுகிறதா என்று பாருங்கள்.
* ஹெல்மெட்டின் பின்புறமும் பக்கங்களிலும் ரிஃப்ளெக்டிவ் பட்டை ஒட்டுங்கள்.
* ஜாக்கெட்டில் பட்டை இருந்தும் மேலே பை மாட்டினால் பயனில்லை. பையிலும், ரெயின்கோட்டிலும் பட்டை இருக்கட்டும்.
* நம்பர் பிளேட் மாற்றும்போது பின்பக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டரைக் கழற்றிவிடாதீர்கள். அது அலங்காரப் பொருள் அல்ல, மத்திய மோட்டார் வாகன விதிப்படி கட்டாயம்.
* பின்னால் நீலம், பச்சை என்று மின்னும் லைட் வேண்டாம். பின்பக்கம் சிவப்பு என்றால்தான் 'முன்னால் ஒரு வண்டி போகிறது' என்று டிரைவருக்குப் புரியும்.
* ஹை பீம் போட்டால் நன்றாகத் தெரிவோம் என்பது தப்புக் கணக்கு. கண் கூசினால் எதிரே வருபவருக்கு நீங்களும் தெரிய மாட்டீர்கள், சாலையும் தெரியாது.
* லாரி, பஸ் அருகே பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டே போகாதீர்கள். டிரைவரின் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை.

ஓட்டுபவர் பொறுப்பு மட்டும்தானா?

இல்லை. கறுப்புச் சட்டை போட்டிருந்தார் என்பதற்காக, பார்க்காமல் திருப்பிய டிரைவரின் பொறுப்பு குறைந்துவிடாது. எரியாத தெருவிளக்குக்கு பைக்காரர் ஸ்டிக்கர் ஒட்டிப் பரிகாரம் தேட முடியாது.

பிரான்சில் ஹெல்மெட்டில் ரிஃப்ளெக்டிவ் ஸ்டிக்கர் கட்டாயம். 2016 முதல் ரிஃப்ளெக்டிவ் மேலங்கியையும் பைக் ஓட்டுபவர்கள் கூடவே வைத்திருக்க வேண்டும், வழியில் வண்டி நின்றுவிட்டால் இறங்கியதும் அணிய வேண்டும். இங்கே போலீஸ் சோதனை 'ஹெல்மெட் இருக்கா, லைசென்ஸ் இருக்கா' என்பதோடு முடிந்துவிடுகிறது. எரியாத டெயில் லைட்டோடு அதே செக்போஸ்ட்டைத் தாண்டிப் போய்விடலாம்.

நள்ளிரவு வரை டெலிவரிக்கு ஆட்களை அனுப்பும் நிறுவனங்கள், உடையிலும் பையிலும் லோகோவைப் பெரிதாக அச்சிடுகின்றன. அதே இடத்தில் தரமான ரிஃப்ளெக்டிவ் பட்டை வைப்பது பெரிய செலவல்ல. நைட் ஷிஃப்ட் நடத்தும் அலுவலகங்கள் ஐடி கார்டோடு ஒரு ரிஃப்ளெக்டிவ் பெல்ட்டையும் கொடுக்கலாம். ஹெல்மெட் விற்கும்போதே பட்டை ஒட்டித் தர வேண்டும் என்று அரசு விதி கொண்டுவரலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. சாலையை நீங்கள் பார்ப்பதற்கு ஹெட்லைட் இருக்கிறது. மற்றவர்கள் உங்களைப் பார்க்க என்ன இருக்கிறது? இன்று இரவு வண்டியை எடுப்பதற்கு முன், ஃபிளாஷ் போட்டு அந்த ஒரு போட்டோவை எடுத்துப் பாருங்கள். பதில் தெரிந்துவிடும்.