உரம் விழவில்லை

பிறந்த குழந்தை ஒரு கையை மட்டும் அசைக்காமல் கிடந்தால், கான்சாபுரம் போன்ற நம் ஊர்களில் முதலில் எழும் சொல் "உரம் விழுந்திருக்கிறது" என்பதுதான். சேலையில் கிடத்தி உருட்டி உரம் எடுக்கும் மூதாட்டியை நாம் பழிக்கவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவே. கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புப் பின்னல் பேற்றின்போது இழுபட்டது, அல்லது அறுந்தது என்று சொல்லக் கடமைப்பட்டவர் பேறு பார்த்த மருத்துவர். அவர் வாய் திறவாமல் தாயை வீட்டுக்கு அனுப்புவாராயின், அந்த மௌனத்தோடுதான் நமக்கு வழக்கு.

தலை வெளிவந்தபின் குழந்தையின் தோள் தாயின் இடுப்பெலும்பில் சிக்கிக்கொள்வதுண்டு. அப்போது தாயின் தொடைகளை வயிற்றை நோக்கி மடக்கி, அடிவயிற்றில் முறையாக அழுத்தித் தோளை விடுவிக்க வேண்டும். பதற்றத்தில் தலையைப் பிடித்து இழுத்தால் நரம்பு கிழிகிறது. ஆயிரம் பேறுகளில் ஒன்றிரண்டில் இக்காயம் நேர்கிறது. தேர்ந்த கைகளிலும் நேர்கிறது. ஆதலால் முடங்கிய ஒவ்வொரு கைக்கும் ஒரு குற்றவாளியைத் தேடுவோர் பக்கம் நாம் இல்லை. மருத்துவமனைக் கண்ணாடியை உடைப்போர் பக்கம் அறவே இல்லை.

ஆனால் நேர்ந்ததை மறைப்பதற்கு என்ன நியாயம்? பெரும்பாலான குழந்தைகள் தாமே தேறுகின்றன என்பது உண்மை. மூன்று மாதமாகியும் முழங்கையை மடக்காத குழந்தையை நரம்பு அறுவை வல்லுநரிடம் காட்டியாக வேண்டும் என்பதும் உண்மை. அறுந்த நரம்பைச் சீர்செய்ய முதலாண்டே உகந்த காலம். "போகப் போகச் சரியாகும்" என்னும் ஒரே வாக்கியத்தில் அக்காலம் கரைந்துபோகிறது.

"சொன்னால் வழக்குத் தொடுப்பார்கள், பிறகு எல்லாப் பேற்றையும் அறுவையாக்கிவிடுவோம்" என்கின்றனர் சிலர். ஆக்காமலா இருக்கிறார்கள்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 64 பேறுகள் அறுவையே.

சொல்லாமை எத்தகைய குற்றம் என்பதை நீதிமன்றங்கள் முன்பே சொல்லிவிட்டன. 1996இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு விழித்திரையைச் சோதிக்க வேண்டும் என்று பெற்றோரிடம் எவரும் சொல்லவில்லை. பார்வை போயிற்று. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் வழங்கியது. பத்தொன்பது ஆண்டுகள்! அதே ஆண்டு மார்ச்சில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் நம் பொருளையே நேராகத் தொட்டது. சர்க்கரை நோயுற்ற ஸ்காட்லாந்துத் தாயிடம், தோள் சிக்கும் ஆபத்தை மருத்துவர் முன்கூட்டிச் சொல்லவில்லை. 1999இல் பிறந்த அவர் மகனுக்கு மூளையும் கையும் பழுதாயின. தாய்க்குச் சொல்லியிருக்க வேண்டும் என்றது தீர்ப்பு.

நம் சட்டத்திலும் கோணல் உண்டு. கட்டணம் பெறும் மருத்துவத்தை 1995 நவம்பர் 13 தீர்ப்பு நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. எல்லாருக்கும் இலவசமாகச் செய்யும் மருத்துவமனையை வெளியே நிறுத்தியது. அங்கே பெற்ற ஏழைக்கு மிஞ்சுவது உரிமையியல் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோதான். நுகர்வோர் ஆணையத்துக்குக் கெடு இரண்டு ஆண்டு. உரிமையியல் வழக்கிலோ, பிள்ளை வயதுக்கு வந்தபின்னும் மூன்று ஆண்டு, அதாவது இருபத்தொரு வயது வரை, வாசல் திறந்திருக்கும். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, சிகிச்சைக் கோப்பை மூன்று ஆண்டு காத்தால் போதும் என்கிறது! சான்று அழிந்தபின் திறந்த வாசல் எதற்கு?

அதே ஒழுங்குமுறை, கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கோப்பின் நகலைத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. கேட்போர் எத்தனை பேர்? 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட நீதிமன்றம் திருவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. கான்சாபுரத்திலிருந்து பேருந்தில் போய்த் திரும்பும் தொலைவுதான்.

அரசிடம் நாம் கேட்பது இரண்டு. பிறந்த குழந்தையின் இரு கைகளும் அசைந்தனவா என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் எழுதித் தரட்டும். பேற்றுக் கோப்பை அந்தக் குழந்தைக்கு இருபத்தொரு வயதாகும் வரை எரிக்காதிருக்கட்டும்.