நம்ம படகுக்கும் ஒரு பனிக்காலம் உண்டு

டிஸ்கி: அடியேன் மெக்கானிக் கிடையாது. மெக்கானிக்கல் படிச்சுட்டு பொட்டி தட்டப் போன லட்சக்கணக்கான ஜீவன்கள்ல ஒருத்தன். தப்பு இருந்தா பின்னூட்டத்துல வந்து கும்முங்க, வாங்கிக்கிறேன்.

ஆணி அதிகம், அதனால ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. இப்பவும் ஒரு கடுப்புலதான் எழுதறேன். கடுப்பு யார் மேலன்னு கேட்டீங்கன்னா, முதல்ல என் மேலதான்.

என்கூட ரூம்ல இருந்த நண்பன் ஒருத்தன் இப்போ டொராண்டோவுல இருக்கான். ஏரியில மீன் பிடிக்கணும்னு ஆசைப்பட்டு மூணு பேராச் சேர்ந்து ஒரு பழைய மோட்டார் படகு வாங்கினாங்க. 2022 அக்டோபர்ல ஒருநாள் போன் பண்ணா, "மச்சி, படகை விண்டரைஸ் பண்ணிட்டு இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்"னான். அது என்னடா கருமம்னு கேட்டேன். கூப்பிட்டு அரை மணி நேரம் கிளாஸே எடுத்துட்டான்.

மேட்டர் இதுதான். பல படகு எஞ்சின்கள் வெளித்தண்ணிய உறிஞ்சித்தான் சூட்டைத் தணிச்சுக்கும். நம்ம கார் மாதிரி முன்னாடி ரேடியேட்டரும் ஃபேனும் கிடையாது. உள்ள போன தண்ணி சந்துபொந்தெல்லாம் ஓடி, சூட்டை வாங்கிட்டு வெளியே ஊத்திடும். ஆனா எஞ்சினை நிறுத்தினதும் மொத்தமும் வடிஞ்சுடாது. பள்ளமான எடத்துல கொஞ்சம் தங்கும். குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழ போச்சுன்னா அது உறையும். தண்ணி ஐஸ் ஆகும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். வார்ப்பிரும்பு விரிஞ்சு குடுக்காது, பொளந்துடும். ஒரு ராத்திரி போதும், எஞ்சின் பிளாக் காலி.

அதனால சீசன் முடிஞ்சதும் வடிகால் பிளக்கை எல்லாம் கழட்டித் தண்ணிய எடுக்கறாங்க. துருவும் மண்ணும் ஓட்டைய அடைச்சிருக்கும்னு கம்பி விட்டுக் குத்தி வேற பாக்கணுமாம். அப்புறம் ரோஸ் கலர்ல ஒரு திரவம், புரொப்பிலீன் கிளைக்கால், அதை உள்ள ஓடவிட்டு நிறுத்தறாங்க. மிச்சம் மீதித் தண்ணி இருந்தாலும் இதோட கலந்து உறையாம இருக்கும். வாட்டர் பம்புல இருக்கற ரப்பர் இம்பெல்லரைக் கழட்டி வெச்சுடறாங்க. ஆயிலும் அப்பவே மாத்திடறாங்க. எஞ்சின் பக்கவாட்டுல வட்டமா தகர மூடி இருக்கும் பாருங்க, அதை ஊர் ஊரா 'ஃப்ரீஸ் பிளக்'னு சொல்றாங்களே, அது உறையும்போது தெறிச்சு பிளாக்கைக் காப்பாத்தறதுக்காக வெச்சது இல்லையாம். வார்ப்படம் எடுக்கும்போது உள்ள இருக்கற மணலை வெளிய எடுக்க விட்ட ஓட்டையை அடைக்கற மூடிதான் அது. நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்ச எனக்கு இது தெரியாது :-)

உப்புத்தண்ணிதானே, உறையாதுன்னு நினைக்காதீங்க. கடல்தண்ணியும் மைனஸ் 2 டிகிரி பக்கம் வந்தா உறையும். லடாக்ல பாங்காங் ஏரி 4,000 மீட்டர் உயரத்துக்கு மேல இருக்கு, தண்ணி உப்பு, ஆனாலும் குளிர்காலத்துல உறைஞ்சு கெட்டியாயிடும். நம்ம ராணுவத்தோட ரோந்துப் படகு ஓடற ஏரி அது.

நிற்க.

இதையெல்லாம் கேட்டுட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். மாமாகிட்ட போய் அளந்தேன். அம்மாவோட தம்பி, பாகூர் கொம்யூன்ல கடலோரத்துல வீடு, தேங்காய்த்திட்டுல கட்டற விசைப்படகு ஒண்ணுல பங்கு வெச்சிருக்காரு. முழுசாக் கேட்டுட்டு சிரிச்சாரு பாருங்க.

"மாப்ள, நம்ம கடல் ஐஸ் ஆச்சுன்னா படகு எதுக்குடா? நடந்தே போய் மீனைப் பொறுக்கிட்டு வந்துடலாமே!"

நானும் சேர்ந்து சிரிச்சேன். மார்கழி விடியக்காலையிலயே இருபது டிகிரிய ஒட்டித்தான் இருக்கு நம்ம ஊரு. எங்க படகுல ஐஸ்னு ஒண்ணு இருந்தா அது மீன் அறையில உடைச்சுக் கொட்டற ஐஸ்தான். அந்தப் பேச்சு அதோட முடிஞ்சுது. அங்கதான் தப்பு.

நமக்கும் ஒரு பனிக்காலம் இருக்கு. ஏப்ரல் 15-ல ஆரம்பிச்சு ஜூன் 14-ல முடியும். மீன்பிடித் தடைக்காலம். முன்ன 45 நாளா இருந்தது, இப்போ 61 நாள். (நம்ம யூனியன் பிரதேசத்தையே சேர்ந்த மாஹேவுக்கு மட்டும் ஜூன் 1 முதல் ஜூலை 31, அது மேற்குக் கரை கணக்கு.) மீன் குஞ்சு பொரிக்கட்டும்னு படகை நிறுத்தறோம். எஞ்சினுக்கு அது தெரியுமா? கடைசி நாள் கரைக்கு வந்ததும் சாவியைத் திருப்பி அணைச்சுட்டு இறங்கிடறாங்க. உள்ள இருக்கறது கடல்தண்ணி. லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. வெளிய அக்னி நட்சத்திரம். மூடின எஞ்சின் அறைக்குள்ள எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க. அந்தத் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா வத்தும், உப்பு மட்டும் பொருக்காத் தங்கும். இரும்பு துருப்பிடிச்சு ஏடு ஏடா எழும்பும். இம்பெல்லரோட ரப்பர் இறக்கை மடங்கின வாக்குலயே ரெண்டு மாசம் இருந்து அப்படியே வெறைச்சுப் போயிடும். திரும்ப ஸ்டார்ட் பண்ற அன்னிக்கு இது எல்லாமே ஒண்ணாக் கெளம்பி வந்து நிக்கும்.

2023 ஜூன் 15, விடியக்காலை. தடை முடிஞ்ச முதல் நாள். இதைவிட நல்ல நாள் வருஷத்துல கிடையாது, ரெண்டு மாசம் யாரும் தொடாத கடல். மாமா படகும் போச்சு. நாலு மணி நேரத்துல எஞ்சின் சத்தம் மாறியிருக்கு, அப்புறம் ஆவி, அப்புறம் நின்னே போச்சு. சூடு காட்டற மீட்டரோட ஒயர் ஒரு வருஷமாவே அறுந்து கெடந்ததாம். எட்டு பேரு, காத்து வேற. கூட வந்த படகு கயிறு போட்டு இழுத்துட்டு வர சாயந்தரம் ஆயிடுச்சு. அது வரைக்கும் அத்தை துறைமுகத்து வாசல்லயே உக்காந்திருந்தாங்க. எங்க அம்மா எனக்கு போன் பண்ணி ஒண்ணுமே பேசாம அழுதாங்க. நான் அப்போ ஒரு மீட்டிங்ல இருந்தேன்.

வில்லியனூர்லேர்ந்து வந்த மேஸ்திரி பிரிச்சுப் போட்டாரு. இம்பெல்லர்ல ரெண்டு இறக்கை இல்ல. தேடினா கூலர் வாயில துண்டு துண்டா அடைச்சிருக்கு. மத்த குழாய்ல முக்கால்வாசி உப்புப் பொருக்கு. தண்ணி போக வழி இல்லாம ஹெட்ல விரிசல். ஐஸ் ஒரே ராத்திரியில பண்ற வேலையை நம்ம ஊர் உப்பு 61 நாள் எடுத்துப் பண்ணியிருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். செலவு ரெண்டு லட்சத்தைத் தாண்டுச்சு. அதுல பாதி வட்டிக்கு. மூணு வாரம் படகு கரையில. தடைக்காலத்து நிவாரணத்தை வெச்சு வீட்டை ஓட்டினவங்களுக்கு அதுக்கு மேல இன்னும் மூணு வாரம்.

என் கட்சி என்னன்னா, இது எதேச்சையா நடந்த விபத்து இல்ல. குளிர் நாட்டுக்காரன் நம்மளவிட புத்திசாலியும் இல்ல. ஐஸ் கண்டிப்பான வாத்தியார், ஒரு தடவை ஏமாந்தா எஞ்சினே போயிடும், அதனால எல்லாரும் ஒழுங்காப் பண்றாங்க. உப்பு உடனே அடிக்காது. முதல் வருஷம் ஒண்ணும் ஆகாது, ரெண்டாவது வருஷமும் ஆகாது, அந்த தைரியத்துலயே மூணாவது வருஷமும் விட்டுடறோம். தடைக்காலத்துல நம்மாளுங்க சும்மாவும் இருக்கறதில்ல. வலை பின்றாங்க, பலகை மாத்தறாங்க, பெயின்ட் அடிக்கறாங்க. படகு மாப்பிள்ளை மாதிரி நிக்கும். பெயின்ட் அடிச்சா ஊரே பாக்கும். கூலரைக் கழட்டிக் கழுவினா யாரு பாக்கப் போறா?

"வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி விடறோமே"ன்னு சொல்லுவாங்க. மாமாவும் அதைத்தான் சொன்னாரு. பேட்டரிக்கு நல்லது, ஒத்துக்கறேன். இம்பெல்லரும் ஒரே வாக்குல மடங்கிக் கெடக்காது. ஆனா ஒவ்வொரு தடவையும் புதுசா உப்புத்தண்ணி உள்ள போகுதே! அஞ்சு நிமிஷம் ஓட்டினா எஞ்சின் சரியா சூடுகூட ஆகாது, ஆயில்ல ஈரம்தான் சேரும். அதுக்கு ஏப்ரல்லயே ஒழுங்காக் கழுவி நிறுத்தினா போதும்.

கழுவறது பெரிய வித்தை இல்ல. எஞ்சினை நல்லா சூடாக்கி, நிறுத்தி, தண்ணி உறிஞ்சற குழாயைக் கழட்டி நல்ல தண்ணி நிறைஞ்ச பேரல்ல விட்டு, மெதுவான வேகத்துல ஓட்டணும். சூடா இருக்கறது முக்கியம், இல்லேன்னா தெர்மோஸ்டாட் திறக்காது, உள்பக்கம் கழுவுப்படாது. பேரல் காலியாகறதுக்குள்ள நிறுத்திடணும், தண்ணி இல்லாம சுத்தினா இம்பெல்லர் கொஞ்ச நேரத்துலயே கருகிடும். அப்புறம் வடிச்சுட்டு, இம்பெல்லரைக் கழட்டி வெச்சு, ஜிங்க் கட்டி கரைஞ்சிருந்தா மாத்தி, ஆயில் மாத்தி, டீசல் டேங்கை நிரப்பி மூடணும். ஆயிலை ஜூன்ல மாத்திக்கலாம்னு விடறதும் தப்பு, பழைய ஆயில்ல இருக்கற அமிலம் ரெண்டு மாசமும் பேரிங்கை அரிச்சுட்டு இருக்கும். ரோஸ் கலர் திரவமெல்லாம் நமக்கு வேண்டாம். ஆனா கூலன்ட்டை கேலி பண்ணாதீங்க. உள்சுத்துல தனியா தண்ணி ஓடற எஞ்சினா இருந்தா, அதுல இருக்கற துருத்தடுப்பு நம்ம ஊருக்கும் வேணும். (ஃபைபர் படகுல போற சின்ன டீசல் எஞ்சின்ல நிறைய காத்துலயே குளிர்ற ரகம், அவங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல.)

உண்மையான சிக்கல் தண்ணிதான். கடலோரத்து போர்ல வர்றதே உப்பு. அதை ஊத்திக் கழுவறதும் கழுவாம இருக்கறதும் ஒண்ணுதான். பாகூர் உள்பக்கத்துலேர்ந்து டேங்கர்ல கொண்டாரணும். தனி ஆளா பண்ணா காசு கடிக்கும், பத்துப் படகு சேர்ந்தா ஒண்ணுமே இல்ல. தமிழ்நாட்டுப் பக்கம் தடைக்காலத்துல அதிகாரிங்க வந்து பதிவு எண், எஞ்சின் குதிரைத்திறன்னு படகை ஆய்வு பண்றாங்க. அதெல்லாம் வேணும்தான். ஆனா படகு கட்டற எடத்துல ஏப்ரல் 15-லேர்ந்து ஒரு வாரத்துக்கு நல்ல தண்ணி ஒரு குழாய்ல வந்தா, எந்த நிவாரணத்தைவிடவும் அது அதிகம் மிச்சம் பண்ணிக் குடுக்கும்ங்கறது என்னோட கருத்து.

ஐப்பசி கார்த்திகையிலயும் படகு நாள்கணக்கா கெடக்கு, அது தனிக்கதை. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலுக்கு முன்னாடியும் பின்னாடியும் எத்தனை நாள் போச்சு! பாகூர் பக்கம் தண்ணி ஏறி, கழனி மோட்டாரெல்லாம் முழுகிக் கெடந்ததை நான் லீவு போட்டுட்டு வந்து பாத்தேன்.

2024 ஏப்ரல்ல மாமாவும் நானும் முதல் தடவையா பேரல் வெச்சோம். நாலு பேரல், டேங்கர்க்காரர்கிட்ட பேரம் பேசினதுலயே பாதி காலை போச்சு. வெளிய ஊத்தற தண்ணிய மேஸ்திரி விரல்ல தொட்டு நாக்குல வெச்சுப் பாத்தாரு. முதல் பேரல்ல துப்பினாரு, ரெண்டாவதுலயும் துப்பினாரு. மூணாவதுல "ம்ம், பரவால்ல தம்பி, கொறையுது"ன்னாரு. நாலாவதுலதான் தலையாட்டினாரு. மாமா மட்டும் அசரல. "கடல்ல போறதுக்கு நல்ல தண்ணியில குளிப்பாட்டறான் பாரு, படிச்ச புள்ள"ன்னு பக்கத்துப் படகு டிரைவர்கிட்ட சொல்லிச் சிரிச்சாரு.

அந்த டிரைவர் ரெண்டு நாள் கழிச்சு எங்க ஹோஸை கடன் கேட்டு வாங்கிட்டுப் போனாரு. அங்கேர்ந்து அது அடுத்த படகுக்குப் போயிருக்கு. இன்னும் திரும்பி வரல.