முதலில் நிற்கட்டும்

ஓடாத வண்டி கெடாத வண்டி என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழையானது. ஓடும் வண்டி தேயும். ஓடாத வண்டி துருவேறும். தேய்வு கண்ணுக்குப் புலப்படும். உள்ளே ஏறிய துரு எளிதில் புலப்படாது. ஆதலின், பின்னதே பெருந்தீங்கு விளைப்பது. இவ்வுண்மையை நான் பட்டே அறிந்தேன்.

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் வீட்டு மாட்டுக்கொட்டிலில் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 என்னும் சிறு மோட்டார் சைக்கிள் சாக்குப் போர்வையின்கீழ்க் கிடந்தது. 1985ஆம் ஆண்டில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த வகை அது. அதன் என்ஜின் 97 சி.சி. அளவே உடையது, எனினும், குறைந்த பெட்ரோலில் நெடுந்தொலைவு செல்ல வல்லது. அக்காலத்துச் சிறு வண்டிகள் பலவற்றிற்குப் பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்றுதல் வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் உடைய இதற்கு அத்தொல்லை இல்லை.

கண்பார்வை குன்றியமையால், ஆசிரியர் 2004ஆம் ஆண்டிற்குப் பின் அவ்வண்டியைத் தொடவில்லை. 2012இல் நான் அதனைக் கண்டபோது, அது ஓடிய தொலைவு 12,000 கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை. டயரின் வரிப்பள்ளங்கள் புதியனபோல் இருந்தன. “எடுத்துக்கொள், தம்பி! ஆனால், ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்த பிறகு ஓட்டு” என்றார் அவர். விலையைக் கேட்ட என் செவி, அவ்வறிவுரையைக் கேட்கவில்லை.

அன்றே கார்புரேட்டரைக் கழற்றினேன். பழைய பெட்ரோல் ஆவியாகிப் பிசின்போல் படிந்து, அதன் நுண்துளைகளை அடைத்திருந்தது. அவற்றைத் தூய்மை செய்து, டாங்கைக் கழுவி, புதிய ஸ்பார்க் பிளக்கைப் பொருத்தினேன். பத்தாம் உதையில் என்ஜின் உயிர் பெற்றது. அவ்வொலி கேட்ட மகிழ்ச்சியில் வண்டியைத் தெருவிற்குச் செலுத்தினேன்.

தெருமுனையில் ஒரு சிறுவன் பந்தைத் துரத்திக்கொண்டு குறுக்கே ஓடிவந்தான். பிரேக்கை மிதித்தேன், வண்டி நிற்கவில்லை. வேலியின்பக்கம் திருப்பி வீழ்ந்தேன். எனக்கு முழங்கையில் காயம். சிறுவன் நல்வாய்ப்பாகத் தப்பினான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தேன். பிரேக் ஷூக்களை விரிக்கும் அச்சு துருவேறி இறுகியிருந்தது. டயரின் பக்கங்களில் மயிரிழை போன்ற வெடிப்புகள் பல காணப்பட்டன. டயரில் பொறித்த நான்கு இலக்க எண்ணும் அதன் முதுமையைக் கூறிற்று. 1204 என்று இருந்தால், 2004ஆம் ஆண்டின் 12ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். ஓடாவிடினும் ரப்பர் முதுமை எய்தும். 15 ஆண்டுப் பதிவுக்காலம் முடிந்திருந்ததையும் நான் அப்போதுதான் நோக்கினேன். பதிவைப் புதுப்பிக்காமல் சாலையில் ஓட்டியது என் இரண்டாவது குற்றம்.

ஆகவே, என் கருத்து இதுதான்: பழைய வண்டியை எழுப்புவோர் முதலில் அதனை நிற்கச் செய்தல் வேண்டும், பின்னரே ஓடச் செய்தல் வேண்டும். பிரேக், டயர், கேபிள், செயின் ஆகியவற்றை முதலில் செம்மை செய்க. பிறகு என்ஜின் ஆயிலை மாற்றுக. ஸ்பார்க் பிளக் துளை வழியே சிறிது எண்ணெய் விட்டு, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தி, பிஸ்டன் தடையின்றி அசைகின்றதா என்று பார்க்க. பெட்ரோல் இறுதியில் வரட்டும்.

இத்துணைச் செலவு செய்து பழையதை ஏன் வாங்க வேண்டும் என்று சிலர் வினவுவர். அவர் வினாவில் நியாயம் உண்டு. பிரேக்கிற்கும் டயருக்கும் செலவிட மனமில்லாதவர் அதனை வாங்காதிருத்தலே நன்று. வாங்கிய விலை முழுவிலை அன்று. ஆனால், அச்செலவையும் உழைப்பையும் ஏற்பவர்க்கு, குப்பைக்குச் செல்லவிருந்த நற்பொருள் ஒன்று மீண்டும் பயன்படும். பொறுமையும் கைத்தொழிலறிவும் அவர் பெறும் ஊதியமாகும்.

மாணவர்களே! கியர் உள்ள மோட்டார் சைக்கிளை ஓட்ட உங்களுக்கு 18 வயது நிரம்புதல் வேண்டும். ஆயினும், விரைவை நாடுமுன் அதனை அடக்கும் ஆற்றலைத் தேடுக என்னும் பாடத்தை இன்றே கற்கலாம்.

அனைத்தையும் சரிசெய்து, பதிவையும் புதுப்பித்தபின், ஆசிரியர் வீட்டு வாயிலில் வண்டியை நிறுத்தினேன். ஒலி கேட்டு அவர் வெளியே வந்தார். “ஓடுகிறதா?” என்று அவர் கேட்கவில்லை. “நிற்கிறதா, தம்பி?” என்றே கேட்டார்.