பெயர் மாறினால் கிட்டார் மாறுமா?

“அண்ணே, ‘பிளேயர்’ போதுமா, இல்ல இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து ‘புரொஃபெஷனல்’ வாங்கிடலாமா?”

பலதுறைத் தொழிற்கல்லூரி இசைக்குழுவில் மின்கிட்டார் வாசிப்பதால், உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பள்ளி விடுமுறையில் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். அதனால் பதிலை யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டுமே அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனத்தின் கிட்டார் வரிசைகள். ‘பிளேயர்’ மெக்சிகோவின் என்செனாடா நகரிலும், ‘அமெரிக்கன் புரொஃபெஷனல்’ கலிஃபோர்னியாவின் கொரோனா நகரிலும் தயாராகின்றன. பின்னதன் விலை முன்னதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கேள்வியைச் சற்று உற்றுக் கேட்டால், கிட்டாரைவிட அதைக் கேட்கும் தம்பியைப் பற்றிய கேள்வியாகவே அது இருக்கிறது. நான் சும்மா வாசிப்பவனா, தொழில்முறைக் கலைஞனா? வாங்க வருபவரின் மனத்தில் இப்படி ஓர் எண்ணத்தை எழுப்பத்தான் இந்தப் பெயர்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன என்பது என் கருத்து.

தொடக்கத்தில் நிலைமை இப்படி இல்லை. ஃபெண்டரின் பழைய பெயர்கள் கருவியைப் பற்றியோ காலத்தைப் பற்றியோ பேசின. 1951ல் வந்த ‘பிரிசிஷன் பேஸ்’ என்ற பெயரிலேயே அதன் பயன் இருந்தது. கழுத்தில் ஃபிரெட் கம்பிகள் பதித்திருந்ததால் சுருதி பிசகாமல் துல்லியமாக வாசிக்கலாம் என்பது பொருள். ‘டெலிகாஸ்டர்’ அப்போது வீடுகளுக்குள் புதிதாக நுழைந்துகொண்டிருந்த தொலைக்காட்சியை நினைவூட்டியது.

டெலிகாஸ்டரின் கதை சுவையானது. 1950ல் அதற்கு வைத்த பெயர் ‘பிராட்காஸ்டர்’. கிரெட்ச் நிறுவனம் ஏறத்தாழ அதே பெயரில் டிரம்ஸ் விற்றுக்கொண்டிருந்ததால், அடுத்த ஆண்டே ஆட்சேபம் தெரிவித்தது. அச்சடித்து வைத்திருந்த ஒட்டுத்தாள்களை வீணாக்க மனமில்லாத ஃபெண்டர், மாதிரிப் பெயரை மட்டும் கத்தரித்துவிட்டு நிறுவனப் பெயரைக் கிட்டாரின் தலைப்பகுதியில் ஒட்டி விற்றது. சில மாதங்கள் பெயரே இல்லாமல் விற்பனையான அந்தக் கிட்டார்களைச் சேகரிப்பாளர்கள் இன்று ‘நோகாஸ்டர்’ என்று அழைத்துப் பெரும்பணம் கொடுத்து வாங்குகிறார்கள். அதே கிட்டார்தான் பின்னர் டெலிகாஸ்டர் ஆனது. பெயர் போனதால் ஒலி போய்விடவில்லை.

1961ல் கிப்சன் நிறுவனத்தில் நேர்மாறாக நடந்தது. ‘லெஸ் பால்’ கிட்டாரின் உடலை முற்றிலும் மாற்றி, மெலிதாக, இருபுறமும் கொம்பு வைத்து வடிவமைத்தார்கள். பெயர் மட்டும் அப்படியே இருந்தது. சில ஆண்டுகளில் லெஸ் பால் பெயர் நீங்கி அது ‘எஸ்ஜி’ ஆயிற்று. பழைய வடிவம் 1968ல் பழைய பெயரோடு திரும்பி வந்தது. ஆக, பெயரும் பொருளும் எப்போதும் சேர்ந்தே நடப்பதில்லை.

நம் தம்பி தங்கைகள் கடையில் பார்க்கும் பெயர்கள் பெரும்பாலும் 2017க்குப் பிறகு வந்தவை. அதுவரை ‘அமெரிக்கன் ஸ்டாண்டர்ட்’ என்று இருந்தது அந்த ஆண்டு ‘அமெரிக்கன் புரொஃபெஷனல்’ ஆனது. மறு ஆண்டு மெக்சிகோவின் ‘ஸ்டாண்டர்ட்’ வரிசைக்குப் பதிலாக ‘பிளேயர்’ வந்தது. ‘அமெரிக்கன் ஸ்பெஷல்’ இருந்த இடத்தை ‘அமெரிக்கன் பெர்ஃபார்மர்’ பிடித்தது. வாசிப்பவர், மேடையேறுபவர், தொழில்முறைக் கலைஞர் என்று ஓர் ஏணி தயார். முன்பு கருவிக்கு வைத்த பெயரை இப்போது வாங்குபவருக்கு வைக்கிறார்கள். ‘ஸ்டாண்டர்ட்’ வைத்திருப்பவருக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. ‘பிளேயர்’ வைத்திருப்பவரோ தனக்கு மேலே ஒரு ‘புரொஃபெஷனல்’ இருப்பதை ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறார்.

இதை ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. 2018ல் ஸ்ட்ராடோகாஸ்டரில் உண்மையாகவே சில மாற்றங்கள் வந்தன. ஃபிரெட் எண்ணிக்கை 21லிருந்து 22 ஆனது. பிக்கப்பில் அல்னிகோ காந்தம் வந்தது. டிரெமலோ பாலத்தை ஆறு திருகாணிகளுக்குப் பதில் இரண்டு தாங்கின. நல்ல மாற்றங்கள்தாம்.

ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு நடந்ததையும் பாருங்கள். 2017 ஜனவரியில் சைட்டிஸ் எனப்படும் அனைத்துலக உடன்பாட்டின்கீழ் ரோஸ்வுட் மரத்தின் வணிகத்துக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. மெக்சிகோ கிட்டார்களின் விரல்பலகையில் ரோஸ்வுட் போய் பாவ் ஃபெரோ மரம் வந்தது. வாசிப்பவரின் விரல் நாள்தோறும் தொடும் மரமே மாறிவிட்டது, பெயரில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. இசைக்கருவிகளுக்கான கட்டுப்பாடு 2019 இறுதியில் தளர்ந்தது. 2024ல் ‘பிளேயர் 2’ வந்தபோது, ரோஸ்வுட் திரும்பியதை விளம்பரத்தில் பெருமையாகச் சொன்னார்கள். போனபோது இவ்வளவு சத்தம் இல்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2025ல் நடந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட ‘ஸ்டாண்டர்ட்’ என்ற பெயரை ஃபெண்டர் மீண்டும் கொண்டுவந்தது. இம்முறை அது மெக்சிகோவில் தயாராவதில்லை, நமக்குப் பக்கத்திலுள்ள இந்தோனீசியாவில் தயாராகிறது. விலையும் ‘பிளேயர்’ வரிசையைவிடக் குறைவு. 1982 முதல், மலிவு விலைக் கிட்டார்களுக்கு ‘ஸ்குவையர்’ என்ற தனிப் பெயர் இருந்தது. ஒருகாலத்தில் வயலின் நரம்பு செய்த நிறுவனத்தின் பெயர் அது. ஜப்பானிய நகல்கள் சந்தையை ஆக்கிரமித்தபோது, தன் பெயரின் மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ள ஃபெண்டர் அதைத் தூசி தட்டி எடுத்தது. இப்போது இந்தோனீசியக் கிட்டாரின் தலையிலும் ‘ஃபெண்டர்’ என்றே எழுதியிருக்கிறது.

இந்தோனீசியத் தயாரிப்பைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. அங்கிருந்து வரும் பல கிட்டார்கள் அருமையானவை. என் கவலை கைமாறும் சந்தையைப் பற்றியது. கேரோசலில் ‘ஸ்டாண்டர்ட் ஸ்ட்ராடோகாஸ்டர்’ என்று தேடும் மாணவருக்கு 2010ன் மெக்சிகோ கிட்டாரும் 2025ன் இந்தோனீசியக் கிட்டாரும் ஒரே பெயரில் வந்து நிற்கும். இரண்டும் வேறு தொழிற்சாலை, வேறு பாகங்கள், வேறு விலை. பெயரை மட்டும் நம்புபவர் ஒன்றின் விலையைக் கொடுத்து மற்றொன்றை வாங்கிவிடக்கூடும்.

இன்னொரு சொல் மெல்ல மறைந்துவருவதையும் குறிப்பிட வேண்டும். அது ‘மாணவர்’ என்ற சொல். 1950களில் ‘மியூசிக்மாஸ்டர்’, ‘டுவோ-சோனிக்’ ஆகியவை மாணவர் கிட்டார்கள் என்றே விற்கப்பட்டன. பிஆர்எஸ் நிறுவனத்தின் ‘எஸ்இ’ வரிசையும் ‘ஸ்டூடண்ட் எடிஷன்’ என்பதன் சுருக்கமாகத்தான் தொடங்கியது. இன்று அந்த இரண்டு எழுத்துகளுக்கு விரிவு தேடுவோர் குறைவு. கற்றுக்கொள்பவர் என்று அழைக்கப்படுவதில் என்ன குறை இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை. விற்பவர்களுக்கு விளங்கியிருக்கிறது போலும்.

தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். பெனின்சுலா கடைத்தொகுதிக்குப் போனால் விலைச்சீட்டைப் பார்க்காமல் இரண்டு மூன்று கிட்டார்களை ஒரே ஒலிபெருக்கியில் வாசித்துப் பாருங்கள். ஃபிரெட் ஓரங்கள் கையைக் கீறுகின்றனவா, கம்பியை இழுத்து வாசித்தபின் சுருதி நிற்கிறதா என்று கவனியுங்கள். பிறகு தொடர் எண்ணைப் பாருங்கள். கடந்த 15 ஆண்டுகளில் வந்த பெரும்பாலான ஃபெண்டர் கிட்டார்களில் ‘எம்எக்ஸ்’ என்றால் மெக்சிகோ, ‘யுஎஸ்’ என்றால் அமெரிக்கா. அதையடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டைக் காட்டும். மிச்சமாகும் பணத்தில் நல்ல ஒலிபெருக்கி ஒன்று வாங்கலாம்.

பழைய கிட்டாரை இணையத்தில் விற்கும் அண்ணன்மார், அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘ஸ்டாண்டர்ட்’ என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். நாட்டையும் ஆண்டையும் எழுதி, தொடர் எண் தெரியும்படி ஒரு படமும் சேருங்கள். மறுமுனையில் இருப்பது உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒரு பையனாக இருக்கலாம்.